ஆசானின் நெஞ்சு வலி

இதயத்தின் வரலாறு – 8

1768 ஜூலை 21ஆம் தேதி லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் டாக்டர் வில்லியம் ஹெபெர்டென் ஒரு கட்டுரை படித்தார். அந்த ஊரில் அன்றைக்குப் பெரிதும் மதிக்கப்பட்ட மருத்துவர் அவர். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்குப் பின்னாளில் வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். கட்டுரையின் பொருள், மார்பில் வரும் ஒரு நோய். அது ஆபத்தான நோய், அப்படியொன்றும் அபூர்வமானதும் அல்ல; இருந்தும் எந்த மருத்துவ நூலிலும் அதைப் படித்த நினைவு தனக்கு இல்லை என்று சொல்லித்தான் அவர் தொடங்கினார்.

ஹெபெர்டெனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் படுக்கை அருகிலேயே குறிப்பு எடுத்துவிடுவார். மாதம் ஒருமுறை அவற்றைப் படித்துப் பார்த்து, நோய்வாரியாகப் பிரித்து வேறொரு ஏட்டில் எழுதி வைப்பார். அப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஏடுகளைப் புரட்டியபோதுதான், ஒருவரையொருவர் அறியாத சுமார் 20 பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருப்பது அவர் கண்ணில் பட்டது.

அவர்கள் சொன்னது இதுதான். நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சில் ஒரு வலி வருகிறது. அதிலும் சாப்பிட்ட கையோடு நடந்தால், மேட்டில் ஏறினால் கட்டாயம் வருகிறது. இன்னும் கொஞ்சம் கூடினாலோ, கொஞ்ச நேரம் நீடித்தாலோ உயிரே போய்விடும்போல் இருக்கிறது. ஆனால் நின்றுவிட்டால் போதும், வலி இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நடு மார்பெலும்பைத் தொட்டுக் காட்டுகிறார்கள். பலருக்கு இடது கையின் நடுப்பகுதி வரை வலி இறங்குகிறது. மூச்சுத்திணறல் இல்லை. மற்றபடி ஆள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்.

மாதங்கள் போகப் போக நோய் முற்றுகிறது. நின்றாலும் வலி உடனே விடுவதில்லை. இரவில் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கிறது. சிலருக்குக் குதிரைமீது போனாலே வருகிறது. இருமினால், விழுங்கினால், மனம் கலங்கினால்கூட வருகிறது. கடைசியில் ஒருநாள் திடீரென்று விழுந்து இறந்துபோகிறார்கள்.

இந்த நோய்க்கு ஹெபெர்டென் ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயர் வைத்தார். கட்டுரை 1772இல் அச்சாகி வெளிவந்தது. நோயாளி வாய்விட்டுச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப்பும் இ.சி.ஜி.யும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வர்ணனை அது. இன்றைக்கு ஓர் இதய நிபுணர் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஹெபெர்டென் அன்று எழுதி வைத்த வரிசையில்தான் வருகின்றன. நடந்தால் வருகிறதா? நின்றால் போய்விடுகிறதா? கைக்கு இறங்குகிறதா?

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்பதை. வலியின்போது நாடி பெரும்பாலும் கெடாமல் இருந்ததால், இதயத்தின்மேல் அவருக்குச் சந்தேகம் விழவில்லை. ஏதோ ஓர் இசிவாக இருக்கும் என்று நினைத்தார். ரத்தத்தை வெளியேற்றுவதும் வாந்தி எடுக்க வைப்பதும் அன்றைய பொது வைத்தியம். இந்த நோய்க்கு அவை உதவாது என்று கண்டுகொண்டு, இரவில் படுக்கும் முன் அபின் கொடுத்தார். பின்னாளில் அவர் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 100 ஆனது. அவர்களில் பெண்கள் 3 பேர். 12 வயதுச் சிறுவன் ஒருவன். மற்றவர்கள் எல்லாம் 50ஐ நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள். தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதென்று வைத்துக்கொண்ட ஒருவருக்கு நோய் ஏறக்குறைய குணமாகிவிட்டது என்றும் எழுதி வைத்திருக்கிறார். இதய நோயாளிகளுக்கு அளவான உடற்பயிற்சி நல்லது என்று மருத்துவ உலகம் முடிவுக்கு வர அதற்குப் பிறகு 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெயர் சொல்லாத ஒருவர்

கட்டுரையின் சுருக்கம் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு 1772 ஏப்ரலில் ஒருவர் ஹெபெர்டெனுக்குக் கடிதம் போட்டார். கையெழுத்து இருந்த இடத்தில் பெயர் இல்லை. ‘முகமறியாதவர்’ என்று மட்டும் இருந்தது.

தனக்கு வயது 52 நடக்கிறது என்று எழுதியிருந்தார். ஐந்தாறு ஆண்டுகளாக இதே வலி. நடந்தால் வருகிறது, இடது கைக்கு இறங்குகிறது. இதோடு, மருத்துவர்கள் கேட்டிராத இன்னொன்றையும் சொன்னார். சில சமயம் உடம்புக்குள் நடக்கும் எல்லா வேலையும் மூன்று நான்கு விநாடி அப்படியே நின்றுவிடுவதுபோல் இருக்கும். பிறகு இதயத்தில் ஓர் அதிர்ச்சி. நூலில் கட்டிய சிறு எடை மேசையிலிருந்து விழுந்து, தரையைத் தொடாமல் வெட்டி நிற்குமே, அந்த மாதிரி என்று விளக்கினார். இதயத் துடிப்பு ஒன்று தவறி அடுத்தது பலமாக அடிப்பதை நோயாளி ஒருவர் உள்ளிருந்தபடி இவ்வளவு துல்லியமாகச் சொன்னது அரிது.

கடிதத்தின் நோக்கம் கடைசியில் இருந்தது. தான் திடீரென்று இறந்துபோகக்கூடும் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி நடந்தால் தன் உடலை அறுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிய அனுமதி தந்து எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அதனால் வேறு யாருக்காவது பயன் உண்டாகலாம் என்பது அவர் எண்ணம்.

மூன்று வாரம் முடிவதற்குள் அவர் இறந்தார்.

உடற்கூறு கற்பிக்க அக்காலத்து இங்கிலாந்தில் சட்டப்படி கிடைத்தவை தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள்தான். பிணத் திருட்டு ஒரு தொழிலாகவே நடந்தது. தன் உடலை யாராவது தொட்டுவிடுவார்களோ என்று மக்கள் பயந்து கிடந்த காலத்தில், ஒருவர் தானாக முன்வந்து அதைக் கொடுத்தார். இதய மருத்துவம் பட்ட கடன்களின் பட்டியலில், பெயரே தெரியாத இந்த மனிதரின் இடம் முதல் வரிசையில்.

ஹெபெர்டென் தகுந்த ஆளைத்தான் கூப்பிட்டார். பிரேதப் பரிசோதனையில் லண்டனில் ஜான் ஹன்ட்டரை மிஞ்ச ஆளில்லை. 48 மணி நேரத்துக்குள் உடல் திறக்கப்பட்டது. பெருந்தமனியில் சிறு சிறு எலும்புத் தடயங்கள் தென்பட்டன. வேறொன்றும் கிடைக்கவில்லை என்று அறிக்கை சொன்னது.

ஹன்ட்டரின் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவருக்கு வயது 22. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதினார்: அன்றைக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்ல முடியும். அந்த மாணவரின் பெயர் எட்வர்ட் ஜென்னர்.

கத்தியின் முனை

அம்மைக்குத் தடுப்பூசி கண்டவர் என்றுதான் உலகம் ஜென்னரை அறியும். அது 1796இல் நடந்தது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு பெரிய உண்மை அவர் கையில் வந்து சேர்ந்திருந்தது.

ஹன்ட்டரின் வீட்டிலேயே தங்கிப் படித்தவர் ஜென்னர். ஹன்ட்டர் விடிவதற்கு முன் எழுந்து அறுக்கத் தொடங்கிவிடுவார். மாணவரும் கூடவே எழ வேண்டும். படிப்பு முடிந்து ஜென்னர் தன் சொந்த ஊரான பார்க்லிக்குத் திரும்பி, கிராமத்து வைத்தியராக வாழ்க்கையைத் தொடங்கிய பிறகும் கடிதப் போக்குவரத்து ஓயவில்லை. முள்ளெலி அனுப்பு, குயில் கூட்டைக் கவனி என்று ஹன்ட்டர் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். 1775இல் ஜென்னர் ஏதோ ஒரு யோசனையை எழுதிக் கேட்டபோது, யோசித்துக்கொண்டிருப்பானேன், சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று பதில் போட்டார். அறிவியல் கற்பிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பதில் அது.

பக்கத்து ஊரான டர்ஸ்லியில் ஜென்னரிடம் வைத்தியம் பார்த்துவந்த ஒருவர் இந்த நெஞ்சு வலியால் இறந்தார். ஜென்னர் உடலைத் திறந்தார். இதயத்தின் அறைகளைப் பார்த்தார், வால்வுகளைப் பார்த்தார். சாவுக்குக் காரணமாக எதுவும் அகப்படவில்லை. கடைசியாக இதயத்தை அதன் அடிப்பகுதிக்கு அருகில் குறுக்காக வெட்டினார். கத்தி எதிலோ நறநறவென்று மோதியது. அதன் முனையே மழுங்கியது. ஜென்னர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பழைய வீடு, உதிர்ந்துகொண்டிருக்கும் கூரை. காரைத் துண்டு ஏதாவது விழுந்திருக்கும் என்று நினைத்தார். கூரையிலிருந்து எதுவும் விழவில்லை. திரும்பக் குனிந்து பார்த்தபோது, இதயத் தமனிகள் எலும்புக் குழாய்களாக மாறியிருந்தன.

அப்போது அவருக்குச் சந்தேகம் தட்டியது. சீக்கிரமே அவருடைய மருத்துவ நண்பர் பேத்தரஸுக்கும் இதே மாதிரி ஒரு நோயாளி இறந்தார். உடலைத் திறப்பதற்கு முன்பே ஜென்னர் பந்தயம் கட்டினார்: இதயத் தமனிகள் எலும்பாகியிருக்கும், பாருங்கள் என்று. திறந்து பார்த்தால், எலும்பு இல்லை. ஆனால் தமனியின் சுவர் கெட்டிப்பட்டிருந்தது. உள்ளே குருத்தெலும்பு போன்ற இன்னொரு குழாய் உருவாகி வழியைக் குறுக்கியிருந்தது. பந்தயத்தில் தோற்றாலும் ஜென்னருக்கு விடை கிடைத்துவிட்டது. நோய் இருக்கும் இடம் இதயத் தமனிதான்.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டிருந்தது.

ஹன்ட்டரின் உடம்பு

ஸ்காட்லாந்தில் கிழக்கு கில்பிரைடு அருகே 1728இல் பிறந்த ஜான் ஹன்ட்டருக்குப் பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. 20 வயதில் லண்டன் வந்து, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறு வகுப்பில் உதவியாளாகச் சேர்ந்தார். பிறகு அவர் எழுந்த உயரம் பெரியது. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்; 1776 முதல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர்களில் ஒருவர்; 1790இல் ராணுவத்தின் தலைமை அறுவை மருத்துவர். திமிங்கிலம் முதல் தேனீ வரை அறுத்துப் பார்த்தார். லெஸ்டர் சதுக்கத்து வீட்டின் பின்னால் அவர் அமைத்த காட்சியகத்தில் சுமார் 14,000 மாதிரிகள் சேர்ந்தன. வந்த வருமானம் எல்லாம் அதிலேயே போனது.

கோபக்காரர். மனதில் பட்டதைப் போட்டு உடைப்பவர். எதிர்த்துப் பேசினால் தாங்காதவர்.

1773 வசந்த காலத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு வயிற்றின் மேற்பகுதியில் வலி கண்டது. உட்கார்ந்து பார்த்தார், நடந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், எதற்கும் அடங்கவில்லை. கண்ணாடியில் முகம் பிணம்போல் வெளிறித் தெரிந்தது. கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி இல்லை. மூச்சு தானாக ஓடவில்லை என்று பட்டதால், செத்துப்போவோம் என்ற பயத்தில் தன் முயற்சியால் இழுத்து இழுத்து மூச்சுவிட்டார். பிற மருத்துவர்களும் வந்து நாடியைத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எல்லாம் விலகியது. தன் உடம்பில் நடப்பதை இன்னொருவர் உடம்பைப் பார்ப்பதுபோல் அவர் கவனித்து வைத்திருந்ததால்தான் இவ்வளவும் இன்றைக்குத் தெரிகிறது.

வலி வயிற்றில் தொடங்கியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இதயத்துக்கு ரத்தம் குறையும்போது எல்லோருக்கும் அது நெஞ்சில்தான் தெரியும் என்றில்லை. மேல் வயிறு, தாடை, தொண்டை, தோள், முதுகு என்று எங்கு வேண்டுமானாலும் தெரியலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சுவாங்கலுமாக வருவதும் உண்டு. நம் ஊரில் வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். லண்டனின் தலைசிறந்த அறுவை மருத்துவருக்கே முதல் தடவை அது வயிற்று வலியாகத்தான் தெரிந்தது.

1777இல் உடம்பு தேற வேண்டும் என்று ஹன்ட்டர் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனார். அங்கே ஜென்னர் அவரை வந்து பார்த்தார். பழைய மாணவர் ஆசானைப் பார்க்க வந்த சந்திப்பு அது; ஆனால் ஜென்னரின் கண் மருத்துவரின் கண். ஹெபெர்டென் வரிசைப்படுத்திய அறிகுறிகளில் பல அங்கே தன் ஆசானிடமே இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

சொல்லாத செய்தி

1778இல் ஜென்னர், ஹெபெர்டெனை விளித்து ஒரு கடிதம் எழுதினார். ஹன்ட்டர்மீது உங்களுக்கும் பிரியம் உண்டு என்பதால் எழுதத் துணிகிறேன் என்று தொடங்கும் கடிதம். பாத் நகரத்தில் தான் கண்டதை அதில் சொல்கிறார். இந்த நோயில் இறந்தவர்களின் இதயத் தமனிகளில் தான் பார்த்த கெட்டிப்பை விவரிக்கிறார். தமனிகள் தம் வேலையைச் செய்ய முடியாமல் போனால் இதயம் எவ்வளவு துன்பப்படும் என்று கேட்கிறார். பிறகு உண்மையான கவலைக்கு வருகிறார். இதுதான் காரணம் என்று ஹன்ட்டர் ஒப்புக்கொண்டுவிட்டால், பிழைப்போம் என்ற நம்பிக்கையையே அவர் இழந்துவிடுவாரே.

ஜென்னர் இதைப் பற்றி ஒரு வரியும் அச்சில் வெளியிடவில்லை. வெளியிட்டால் ஹன்ட்டர் படிப்பார். படித்தால் அதைப் பற்றி இருவரும் பேச வேண்டி வரும். அந்தப் பேச்சை ஜென்னரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஹன்ட்டர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இரவுக் கூட்டம் ஒன்றில், ஹென்றி க்ளைன், எவரார்ட் ஹோம் என்ற இரு அறுவை மருத்துவர்களிடம் மட்டும் தன் எண்ணத்தைச் சொன்னார். ஹோம், ஹன்ட்டரின் மைத்துனர். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஹன்ட்டரின் கையே அந்தத் தமனிகளைத் தொட்டிருந்தது. 1775 மார்ச்சில், கோப ஆவேசத்தில் கத்தியபடி ஒருவர் செத்து விழுந்தார். டாக்டர் ஜான் ஃபாதர்கில்லிடம் நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்துவந்தவர். உடலை அறுத்தவர் ஹன்ட்டர். இரண்டு இதயத் தமனிகளும் தோன்றும் இடத்திலிருந்து கிளைகள் வரை ஒரே எலும்பாக இறுகியிருப்பதை அவர் பார்த்துச் சொல்லி, அது ஃபாதர்கில்லின் கட்டுரையில் 1776இல் அச்சேறியது. கண்டதைப் பதிவு செய்தார்களே தவிர, வலிக்குக் காரணம் அதுதான் என்று இருவரும் எழுதவில்லை. ஹன்ட்டர் தன் மனதுக்குள் முடிச்சுப் போட்டாரா என்பதற்குச் சான்று ஏதுமில்லை. மனதைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும், கோபப்படக் கூடாது என்பது ஃபாதர்கில் தன் நோயாளிகளுக்குச் சொன்ன அறிவுரை.

ஜென்னர் செய்தது சரியா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்து இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஹன்ட்டருக்குக் கிடைத்திருக்கக்கூடியது மரண பயம் ஒன்றுதான். அந்த வகையில் ஜென்னரின் மௌனம் ஆசானிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. மருத்துவத்துக்குத்தான் இழப்பு. வலிக்கான காரணம் ஒரு கிராமத்து வைத்தியரின் நெஞ்சுக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. சோதித்துப் பார் என்று கற்றுக்கொடுத்தவருக்காக, சோதித்துக் கண்டதை மாணவர் மறைத்து வைத்தார். அந்த மௌனத்தில் கோழைத்தனம் எதுவும் இல்லை. முழுக்க முழுக்க அன்பு.

1793 அக்டோபர் 16

1785 முதல் ஹன்ட்டரின் நிலை மோசமானது. சற்று மேடான இடத்தில் நடந்தாலே வலி வந்தது. தாடையிலும் தொண்டையிலும் தொடங்கி இடது கைக்குப் பரவியது. சில சமயம் நினைவு தப்பியது. உடல் உழைப்பைவிட மனக் கொதிப்புதான் அவரை அதிகம் வீழ்த்தியது. அதிலும் ஒரு நுட்பத்தை அவர் கவனித்திருந்தார். மற்றவர்கள் கதையைக் கேட்டு மனம் கசிந்து கண்ணீர் வந்தால் வலி வருவதில்லை. பதற்றமும் கோபமும்தான் கொண்டுவந்தன. ஏர்ல்ஸ் கோர்ட்டில் இருந்த தன் தோட்ட வீட்டில் தேனீக்கள் கூடு பிரியும் நேரம், அவற்றைப் பிடித்துப் புதுக் கூட்டில் விட முடியுமோ முடியாதோ என்ற தவிப்பே வலியைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது. தன்னைச் சீண்ட நினைக்கும் எந்த அயோக்கியன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லிவந்தது லண்டன் முழுக்கப் பரவியது.

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அவருக்கும் சக அறுவை மருத்துவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் பகை. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது, அவர்கள் கட்டும் பணத்தைப் பிரிப்பது, யாரைச் சேர்ப்பது என்று எல்லாவற்றிலும் சண்டை. முன்பயிற்சி இல்லாத மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகம் புது விதி போட்டது. அது தெரியாமல் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்துவிட்டார்கள். ஹன்ட்டரிடம் முறையிட்டார்கள். பேசிப் பார்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

கூட்டம் அக்டோபர் 16. அங்கே வாக்குவாதம் ஏதும் வந்தால் அது தன் உயிருக்கு உலை வைத்துவிடும் என்று கிளம்புவதற்கு முன் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஹன்ட்டர் போனார். இளைஞர்களுக்காக எழுந்து பேசினார். சக உறுப்பினர் ஒருவர் முகத்துக்கு நேரே அவரை மறுத்துப் பேசினார். ஹன்ட்டர் பேச்சை நிறுத்தினார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு விரைந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஒரு முனகல்; அங்கிருந்த மருத்துவர் ஒருவரின் கைகளில் சாய்ந்தார். எழுப்ப முடியவில்லை. வயது 65.

உடலைப் பல்லக்கில் வைத்து லெஸ்டர் சதுக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் வந்த வண்டி பின்னால் காலியாகப் போனது.

தன் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஹன்ட்டரின் விருப்பம். ஹோம் முன்னிலையில் அது நடந்தது. இதயத் தமனிகள் எலும்பாக இறுகிக் கிடந்தன. ஹோம் உடனே பார்க்லிக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் சொன்னதுதான் சரி.

சமன் குலைந்த கணக்கு

ஆசான் மறைந்த பிறகு ஜென்னரின் வாய்ப்பூட்டு கழன்றது. ஆனாலும் அவர் தானே புத்தகம் எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் கவனம் முழுவதும் பசு அம்மையில் இருந்தது. எழுதியவர் அவருடைய பள்ளித் தோழர், பாத் நகரத்து மருத்துவர் கேலப் ஹில்லியர் பாரி. ராட்பரோவில் ஃப்ளீஸ் என்ற சத்திரத்தில் கூடிப் பேசும் ஒரு சிறு மருத்துவர் சங்கம் இருந்தது. ஜென்னர், பாரி, பேத்தரஸ் மூவரும் அதில் உறுப்பினர்கள். 1788இலேயே பாரி இந்த நோயைப் பற்றி அங்கே கட்டுரை படித்திருந்தார். ஜென்னர் கத்தி மழுங்கிய கதையையும் பந்தயக் கதையையும் மௌனத்தின் காரணத்தையும் கடிதமாக எழுதித் தந்தார். அதைச் சேர்த்துக்கொண்டு பாரியின் நூல் 1799இல் வெளிவந்தது. இறுகிப்போன தமனி, இதயம் ஓய்வாக இருக்கும்போது போதுமான ரத்தத்தைத் தந்துவிடும். நடக்கும்போதும் பதறும்போதும் அதிகம் கேட்டால் தர முடியாது என்பது பாரியின் விளக்கம். முந்தைய ஆண்டுதான் ஜென்னர் தன் புகழ்பெற்ற அம்மை நூலைப் பாரிக்குக் காணிக்கையாக்கியிருந்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1809இல், கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆலன் பர்ன்ஸ் என்ற இளம் உடற்கூறு ஆசிரியர் இதைச் செய்து பார்க்கும்படியான சோதனையாக மாற்றினார். கையையோ காலையோ ஒரு கயிற்றால் ஓரளவு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதை வைத்துக் கடுமையாக வேலை செய்யத் தொடங்கினால் சற்று நேரத்தில் வலித்து ஓய்ந்துவிடும். வரவுக்கும் செலவுக்கும் சமன் குலைந்துவிட்டது என்பதுதான் காரணம். தமனி சுருங்கிய இதயத்தின் கதியும் இதுவே என்றார் பர்ன்ஸ். 1813இல் அவர் இறந்தபோது வயது 31தான்.

இன்றைய இதயவியல் இந்தக் கணக்குக்கு எண்களைச் சேர்த்திருக்கிறது. மற்ற தசைகள் தம்மிடம் வரும் ரத்தத்திலிருந்து ஓய்வு நேரத்தில் கொஞ்சம் ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்ளும். தேவை கூடினால் இன்னும் எடுத்துக்கொள்ள மிச்சம் இருக்கும். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. ஓய்வாக இருக்கும்போதே வரும் ஆக்ஸிஜனில் சுமார் 70 சதவீதத்தை அது எடுத்துவிடுகிறது. இன்னும் வேண்டுமென்றால் ரத்தம் கூடுதலாக வந்தாக வேண்டும். நல்ல தமனி விரிந்து கொடுத்து, ஓட்டத்தை நான்கைந்து மடங்கு வரை கூட்டித் தரும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து தமனியின் உள் விட்டம் ஏறக்குறைய 70 சதவீதம் அடைபட்டுவிட்டால் அது முடியாது. மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது. நின்றதும் தேவை குறைந்து வலி விடுகிறது. ஹெபெர்டெனின் நோயாளிகள் சொன்னது இதைத்தான்.

வலி சில நிமிடங்களில் அடங்கினால் அது எச்சரிக்கை. ஓய்வில் இருக்கும்போதே வந்தால், முன்பைவிட அடிக்கடி வந்தால், கால் மணி நேரமாகியும் விடாவிட்டால், தமனிக்குள் ரத்தம் உறைந்து வழியை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் உயிர். 108க்கு அழைப்பதைத் தவிர வேறு யோசனைக்கு அங்கே இடமில்லை.

பாரியும் பர்ன்ஸும் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் மருத்துவ உலகம் அதை முழுதாக ஏற்கவில்லை. தமனி எலும்பாகியும் வலியே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்களை மருத்துவர்கள் பார்த்தார்கள். வலியால் துடித்தும் தமனியில் எலும்பு இல்லாதவர்களையும் பார்த்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரான்சின் ரெனே லேனெக்கே இதை நரம்பு வலி என்றுதான் எண்ணினார். எலும்பாக மாறாத மென்மையான படிவும், தமனியின் இசிவும், சிறு குழாய்களின் கோளாறும் இதே வலியைத் தரும் என்று தெரிய இன்னும் வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது. காரணத்தைப் பற்றிய வழக்கு 19ஆம் நூற்றாண்டு முழுதும் இழுத்தது.

அதற்காக நோயாளிகள் காத்திருக்க முடியாது. அபினும் பிராந்தியும் ரத்தம் வடிப்பதுமாக வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. 1867இல் எடின்பர்க் ராயல் மருத்துவமனையில் 23 வயதான தாமஸ் லாடர் பிரன்டன் என்ற மருத்துவர், இரவுதோறும் வலியில் துடித்த ஒரு நோயாளியின் முகத்தருகே ஒரு துணியைப் பிடித்தார். துணியில் சில துளி அமில் நைட்ரைட். ஒரு நிமிடத்துக்குள் நோயாளியின் முகம் சிவந்தது, வலி நின்றது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வில்லியம் மர்ரெல் என்ற லண்டன் மருத்துவர், சுரங்கங்களில் பாறை பிளக்கப் பயன்பட்ட வெடிப்பொருளின் கரைசலைத் தன் நாவில் தடவிச் சோதித்தார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை அங்கிருந்து பிறந்த விதம் அடுத்த இதழில்.

(தொடரும்)